மியாட்டா கியர் பொக்ஸ் ஒயில்: ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ? குளிருக்குள்ளை இரண்டாவது கியர் விழுகுதில்லை

ஸ்காபரோ_சிவப்பு (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம்.

என்னட்ட ஒரு 1991 மஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் கார் நிக்குது. 1.6 எஞ்சின், ஐஞ்சு கியர். பழைய சொந்தக்காரர் எஞ்சின் ஒயில் மாத்தின பில் எல்லாம் ஒரு ஃபைலிலை அடுக்கி வச்சிருந்து தந்தவர். ஆனால் கியர் பொக்ஸ் ஒயில் எப்ப மாத்தினது எண்டதுக்கு ஒரு துண்டும் இல்லை. மாத்தினதோ எண்டே சந்தேகமாக் கிடக்கு.

கரைச்சல் இதுதான். காலமை எடுத்தால் முதலாவதிலை இருந்து இரண்டாவதுக்குப் போக மாட்டன் எண்டு நிக்கும். அமத்தித் தள்ளினால் "கர்க்" எண்டு பல் உரசுற சத்தம். நாலைஞ்சு சிக்னல் தாண்டிச் சூடேறினாப் பிறகு ஓரளவுக்கு விழும். அதோட கியர் லீவரைச் சுத்தி ஒரு வெக்கை மேலை வருது. கை வச்சால் தெரியுது.

கியர் ஒயிலிலை ஜிஎல்-4, ஜிஎல்-5 எண்டு ரெண்டு வகை இருக்காம். தேடிப் பார்த்தால் ஒருத்தர் ஜிஎல்-5 ஊத்தினால் பொக்ஸுக்குள்ளை இருக்கிற பித்தளை எல்லாம் கரைஞ்சு போகும் எண்டுறார். மற்றவர் மஸ்டாவின்ர புத்தகத்திலையே ரெண்டும் போடலாம் எண்டு இருக்கு எண்டுறார். எதை நம்புறது? கராஜுக்குக் குடுக்கிற எண்ணம் இல்லை, நாலு ஜக் ஸ்டாண்ட் இருக்கு, நானே செய்யப் போறன். ரோட்டு உப்பு மழையிலை கழுவுப்பட்டதும் காரை வெளியிலை எடுக்கோணும், அதுக்கு முதல் இதை முடிக்க விருப்பம்.

—

ஹாரோ_எம்ஜி (லண்டன்)

தம்பி, ஒயிலைப் பற்றிப் பேந்து கதைப்பம். முதல்லை ட்ரெயின் பிளக்கிலை (ஒயில் வடிக்கிற அடி மூடி) கை வைக்காதேங்கோ. பக்கத்திலை இருக்கிற ஃபில் பிளக்கை (ஒயில் ஊத்துற மூடி) கழட்டிப் பாருங்கோ. அது கழண்டால்தான் மிச்ச வேலை. உங்கட ஊர் உப்பிலை முப்பது வருசத்துக்கு மேலை ஓடின கார், அந்தப் பிளக் அலுமினியத்தோட ஒட்டிப் பிடிச்சிருக்கும். உள்ளதை எல்லாம் வடிய விட்டிட்டு, புதுசு ஊத்த வழியில்லாமல் கார் ஸ்டாண்டிலை தொங்கிக்கொண்டு நிண்ட கதையள் எங்கட ஆக்களுக்குள்ளை கனக்க.

இனி ஒயில். என்ர கார் 1972 எம்ஜிபி ஜிடி, பழைய இங்கிலீஸ் ஸ்போர்ட்ஸ் கார். அதின்ர கைநூலிலை கியர் பொக்ஸுக்கு என்ன போடச் சொல்லி இருக்குத் தெரியுமோ? 20டபிள்யூ-50. எஞ்சினுக்கு விடுற அதே ஒயில்! ஓவர்டிரைவ் (வேகமா ஓடேக்கை எஞ்சின் சுத்தைக் குறைக்கிற துணைப் பெட்டி) இல்லாத பொக்ஸ் எண்டால் 3 லீற்றர், ஓவர்டிரைவோட 3.4 லீற்றர். ரெண்டுக்கும் ஒரே ஒயில்தான் சுத்தி வரும். ஓவர்டிரைவுக்குள்ளை உராய்வுப் பட்டி ஒட்டின கூம்பு கிளச் ஒண்டு இருக்கு. அதுக்குள்ளை பின் ஆக்ஸில் டிஃபரன்ஷலுக்குப் போடுற வழுக்கல் ஒயிலை விட்டால் கூம்பு பிடியாமல் வழுக்கும். நான் ஒயில் மாத்தேக்கை அடித்தட்டைக் கழட்டி அதுக்குள்ளை உள்ள வலையையும் மண்ணெண்ணெயிலை கழுவித்தான் திருப்பிப் போடுறனான்.

"கியர் பொக்ஸ் எண்டால் கியர் ஒயில்தானே" எண்டு யோசிக்காமல் விடுற ஆக்களாலைதான் ஓவர்டிரைவ் திருத்துறவைக்குப் பிழைப்பு நடக்குது. உங்கட காருக்கு உங்கட காரின்ர புத்தகம். என்ர காருக்கு என்ர புத்தகம்.

—

கோவை_டர்போ

இதுக்கு எதுக்குங்க இத்தனை யோசனை. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) ஊத்துங்க, பஞ்சு மாதிரி கியர் விழும். எங்கூர்ல ரேஸ் ட்ராக்ல ஓட்டற பசங்க எல்லாம் அதைத்தான் ஊத்தறாங்க.

—

சென்னை_ஹெரால்டு

ட்ராக் ஓட்டற பசங்க வருஷத்துக்கு ஒரு தடவை பாக்ஸை இறக்கிப் பிரிக்கறவங்க சார். வீட்டு வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

நம்மகிட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு. ட்ரையம்ஃப் ஹெரால்டை இங்க மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961ல இருந்து போட்டாங்க. இதே ஹெரால்டோட சட்டத்தைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்துல 1962ல ஸ்பிட்ஃபயர்னு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. கியர் பாக்ஸும் அதே குடும்பம்தான். அதனால ஸ்பிட்ஃபயர் வச்சிருக்கற வெளிநாட்டு ஆளுங்களோட நமக்கு எப்பவும் பேச்சு வார்த்தை உண்டு.

நம்ம பாக்ஸ் ரொம்பச் சின்னது, 0.85 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு டம்ளர் ஒழுகிப் போனாலே பாக்ஸ் கத்த ஆரம்பிச்சுடும். ஒர்க்‌ஷாப்புல எல்லாம் "தொண்ணூறு ஆயில்"னு ஒரே டப்பாவை வச்சுக்கிட்டு கியர் பாக்ஸுக்கும் அதுதான், பின் ஆக்ஸில் கிரவுனுக்கும் அதுதான். டப்பாவைத் திருப்பி 4ஆ 5ஆன்னு பார்த்த மெக்கானிக்கை நான் இன்னும் பார்க்கலை. நானே வாங்கிக் கொடுத்து, பக்கத்துல நின்னு ஊத்தச் சொல்றேன்.

இன்னொண்ணு. பின்னாடி வந்த ஸ்பிட்ஃபயர் பாக்ஸ்ல ட்ரெயின் பிளக்கே கிடையாது. காசு மிச்சம் பண்ணிட்டாங்க போல. ஃபில் ஓட்டை வழியா குழாயை விட்டு உறிஞ்சித்தான் எடுக்கணும். அடியில ஒரு போல்ட்டைப் பார்த்து அதுதான் ட்ரெயின்னு நினைச்சுக் கழட்டிடாதீங்க யாரும்.

—

ஜூரோங்_லூப் (சிங்கப்பூர்)

மசகெண்ணெய்த் துறையில் வேலை செய்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பதைப் பலர் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து பெரிது, ஆகவே நல்லது என்று. அப்படி இல்லை. எந்த மாதிரிப் பல்சக்கரத்துக்கு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஜிஎல்-5 ஹைப்பாய்ட் கியருக்காக வந்தது, அதாவது பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுனும் பினியனும். அங்கே பல்லும் பல்லும் உருள்வதைவிட ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் நிற்காது. அதனால் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் போடுகிறோம். சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து மேலே ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். தேய்வதெல்லாம் அந்தத் தோல்தான், இரும்பு தப்பிக்கும். ஜிஎல்-5இல் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இப்போது கியர் பாக்ஸுக்கு வருவோம். உள்ளே கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் பித்தளை. அதன் வேலையே உராய்வதுதான். நீங்கள் லீவரைத் தள்ளும்போது வளையத்தின் கூம்பு, கியரின் கூம்பைப் போய்ப் பிடிக்க வேண்டும். வளையத்தின் உட்புறம் வெட்டியிருக்கும் நுண்ணிய வரிகள் எண்ணெயைக் கிழித்து ஒதுக்கி, உலோகம் உலோகத்தைத் தொட்டு, இரண்டின் வேகமும் சமமானால்தான் கியரைப் பூட்டும் ஸ்லீவ் சத்தமில்லாமல் உள்ளே போகும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் கூம்பு பிடிக்காது, பல் உரசும். குளிரில் எண்ணெய் தடித்துப் போனாலும் வரிகளால் அதைக் கிழிக்க முடியாது, லீவர் முரண்டு பிடிக்கும். சிவப்பு சொல்லும் காலை நேரத்துப் பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

"பித்தளை கரைந்து போகும்" என்பதில் பாதி உண்மை உண்டு. பழைய காலச் சேர்மானங்களில் சும்மா கிடந்த கந்தகம் செம்பையும் பித்தளையையும் கறுக்கடிக்கும், அரிக்கும். இப்போது வருபவற்றில் கந்தகத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். செம்புத் துண்டுச் சோதனை ஒன்று உண்டு. 121 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் செம்புத் துண்டை எண்ணெயில் போட்டு வைத்து நிறத்தைப் பார்ப்பது. ஜிஎல்-5க்கு அதில் 3ஆம் நிலை வரை போனாலும் தேர்ச்சிதான், அதாவது நன்றாகவே கறுக்கலாம். ஆகவே ஒரே இரவில் பித்தளை கரைந்து ஓடப் போவதில்லை, அதற்காக இரண்டும் ஒன்று என்றும் ஆகிவிடாது.

என் கருத்து: மாஸ்டா இரண்டையும் அனுமதித்திருப்பது உண்மை. ஜிஎல்-5 ஊற்றியதால் மட்டும் உங்கள் பாக்ஸ் சாகாது. ஆனால் சிங்க்ரோ ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கும் பழைய பாக்ஸுக்கு நல்ல ஜிஎல்-4 75டபிள்யூ-90தான் (பின்னால் வரும் எண் எண்ணெயின் தடிப்பைச் சொல்வது) நான் ஊற்றுவேன். ரெட்லைன் எம்டி-90 அந்த வகைதான், வேறு கம்பெனிகளிலும் கிடைக்கும். டப்பாவில் "ஜிஎல்-4க்குப் பதிலாகவும் போடலாம்" என்று பொத்தாம் பொதுவாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஜிஎல்-5தான், கவனம்.

75டபிள்யூவா 80டபிள்யூவா என்பது ரொறன்ரோவில் முக்கியம். 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 டிகிரியிலும் குறிப்பிட்ட தடிப்பைத் தாண்டக்கூடாது. 80டபிள்யூவுக்கு அதே வரம்பு மைனஸ் 26இலேயே வந்துவிடும்.

ஹாரோ அண்ணன் சொன்ன எம்ஜிபி விஷயத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். எஞ்சின் ஆயிலின் எண்ணும் கியர் ஆயிலின் எண்ணும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலில் 90 என்பது தடிப்பில் எஞ்சின் ஆயிலின் 40, 50க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எம்ஜி பொறியாளர்கள் தண்ணீரை ஊற்றச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அதே தடிப்பில், ஜிஎல்-5இன் கந்தகச் சேர்மானம் இல்லாத எண்ணெயைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

—

கோவை_டர்போ

அப்ப ஏடிஎஃப் சுத்தமா ஆகாதுங்கறீங்களா? எங்கயோ படிச்ச ஞாபகம், கம்பெனியே போடச் சொன்ன வண்டி இருக்குன்னு.

—

கல்கரி_ஃபாக்ஸ்

இருக்கு. என்னோட 1989 மஸ்டாங்லயே அப்படித்தான். போர்க் வார்னர் டி-5, "வேர்ல்ட் கிளாஸ்" வகைப் பாக்ஸ். அதுக்கு ஃபோர்டு சொன்னதே ஏடிஎஃப்தான். உள்ள சிங்க்ரோ வளையத்துக்கு உராய்வுப் பட்டி ஒட்டியிருக்கும், வெறும் பித்தளை இல்லை. தடிச்ச கியர் ஆயிலை ஊத்தினா அந்தப் பட்டி பாழாகும், கியரும் விழாது. அதே டி-5லேயே அதுக்கு முந்தின வகைக்குக் கியர் ஆயில். வெளியில பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால கோவை சொன்னது தப்பில்லை, வேற வண்டிக்குச் சொல்லிட்டார், அவ்வளவுதான்.

—

மெல்பன்_எம்எக்ஸ்

எல்லாரும் ஆயிலைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. லீவரைச் சுத்தி வெக்கை வருதுன்னு அவர் எழுதினதை யாரும் கவனிக்கலையா? என்கிட்டயும் அதே தலைமுறை கார்தான் இருக்கு, 1.6. நான் சொல்றேன்.

இந்தக் கார்ல கியர் லீவர் நேரா பாக்ஸ் மேலயே குத்தி நிக்குது. லீவரோட அடி முனை இறங்கற இடத்துல சின்னதா ஒரு கிணறு, டரட்னு சொல்லுவாங்க. அதுக்குத் தனியா ஆயில், 80லேர்ந்து 95 மில்லி. கீழ ட்ரெயின் பிளக்கைக் கழட்டி ரெண்டு லிட்டர் புதுசா ஊத்தினாலும் இந்தக் கிணத்து ஆயில் மாறாது! பாதிப்பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஆயில் மாத்தற கடைக்காரனுக்கு நிச்சயமாத் தெரியாது.

இதுமேல ரெண்டு ரப்பர் பூட். மேல இருக்கறது பெருசு, வெக்கையையும் சத்தத்தையும் தடுக்கும். அடியில இருக்கறது சின்னது, ஆயிலும் ஆவியும் மேல வராம பிடிச்சுக்கும். முப்பது வருஷத்துல சின்னது கண்டிப்பாக் கிழிஞ்சிருக்கும். என்னோடதுல பூட் கையில எடுத்ததுமே ரெண்டு வளையமாப் பிரிஞ்சு வந்துச்சு. கிணத்துக்குள்ள ஆயிலே இல்லை, கறுப்பா மை மாதிரி ஏதோ அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

செய்யற விதம்: குமிழைத் திருகி எடுங்க. கன்சோலைக் கழட்டுங்க, சாம்பல் தட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கற ஸ்க்ரூவை மறக்காதீங்க. பெரிய பூட்டைச் சுத்தி 10 எம்எம் போல்ட். அதை எடுத்தா சின்ன பூட். அதைத் தூக்கறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற மண்ணையெல்லாம் வேக்குவம் போட்டு எடுத்துடுங்க, பழந்துணி சுத்தி வையுங்க. ஒரு போல்ட் உள்ள விழுந்தா அப்புறம் பாக்ஸை இறக்கற வேலைதான். லீவர் நேரா மேல வந்துடும். அதோட நுனியில ஒரு நைலான் புஷ் தொப்பி மாதிரி இருக்கும். விரிஞ்சிருந்தா மாத்துங்க, சில்லறை விலைதான். பழைய ஆயிலைச் சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்துட்டு, பாக்ஸுக்கு வாங்கின அதே ஆயிலை ஊத்துங்க. புது பூட் ரெண்டையும் போடுங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி கிளச்சைப் பாருங்க. எஞ்சினை நிறுத்திட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. சுலபமா விழுதா? அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நிக்கும்போதே கிளச்சை முழுசா மிதிச்சு, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் கரகரன்னா கிளச் முழுசாப் பிரியலைன்னு அர்த்தம். இந்தக் கார்ல கிளச்சோட ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை வாங்கிக் கிளச்சைத் தள்ளற உருளை) அடிக்கடி போகும். பாக்ஸ் பக்கத்துல தொங்கற அந்த ஸ்லேவோட ரப்பர் மூடியை விரலால விலக்கிப் பாருங்க. ஈரமா இருந்தா ஆயில் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

—

ஸ்காபரோ_சிவப்பு

மெல்பன், மிச்சம் நன்றி. இப்பிடி ஒரு கிணறு இருக்கெண்டு எனக்கு யாரும் சொன்னதில்லை.

கிளச் பார்த்தாச்சு. எஞ்சின் நிப்பாட்டினால் எல்லாம் வெண்ணெய். ஓட விட்டிட்டு ரிவர்ஸ் போட்டாலும் சத்தமில்லை. ஸ்லேவ் மூடிக்குள்ளை காய்ஞ்சு போய்த் தூசிதான் கிடந்தது. அப்ப கிளச் இல்லை. குளிரேக்கை இரண்டாவது மட்டும்தான்.

ரெண்டு பூட்டும், புஷ்ஷும், ரெண்டு பிளக்குக்கும் வாஷரும் ஓடர் பண்ணிட்டன். ஒயில் ஜிஎல்-4 75டபிள்யூ-90. இங்கத்தைப் போத்தில் 946 மில்லி. ரெண்டு போத்தில் எண்டால் ரெண்டு லீற்றர் வராது, அதோட டரட்டுக்கும் வேணும், ஆகவே மூண்டு.

பிளக்குக்கு என்ன அளவு?

—

மெல்பன்_எம்எக்ஸ்

ரெண்டும் 24 எம்எம். 15/16 இஞ்ச் சாக்கெட்டும் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட்டா வாங்குங்க, பன்னிரண்டு முனை போட்டா மூலையைத் தின்னுடும். முறுக்கறப்போ ட்ரெயினுக்கு 40லேர்ந்து 58 நியூட்டன் மீட்டர், ஃபில்லுக்கு 25லேர்ந்து 39. பாக்ஸ் அலுமினியம், ஆத்திரத்தைக் காட்டிடாதீங்க.

—

ஹாரோ_எம்ஜி

நாலு சில்லும் ஒரே மட்டத்திலை நிக்கோணும். முன்னுக்கு மட்டும் தூக்கினால் ஃபில் ஓட்டை காட்டுற மட்டம் பொய்.

—

மெல்பன்_எம்எக்ஸ்

ஆமா. ஜாக்கியை முன்னாடி குறுக்குச் சட்டத்துல (கிராஸ் மெம்பர்), பின்னாடி டிஃப் ஹவுசிங்ல வையுங்க. பாக்ஸுக்கும் டிஃபுக்கும் நடுவுல நீளமா ஒரு அலுமினியச் சட்டம் ஓடுது பாருங்க, பவர் பிளாண்ட் ஃப்ரேம், அதுல மட்டும் ஜாக்கி கொடுத்துடாதீங்க. வளைஞ்சா தொலைஞ்சுது.

—

மட்டுறுத்துனர்

எந்தக் கம்பெனி ஆயில் உசத்தி என்று தொடங்கிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மியாட்டா பாக்ஸ் மட்டும்.

—

ஸ்காபரோ_சிவப்பு

செய்து முடிச்சாச்சு. நீளமா எழுதுறன், பின்னுக்கு வாற ஆருக்கும் உதவும்.

ஹாரோ அண்ணை சொன்ன மாதிரி ஃபில் பிளக்கிலைதான் தொடங்கினது. அசையவே இல்லை. முந்தி வேலை செய்த ஏதோ ஒரு கடையிலை இம்பாக்ட் கன் எண்ட இறுக்கிற மெசினைப் போட்டு இறுக்கியிருக்கிறாங்கள் போலை, ஒரு மூலை ஏற்கெனவே மழுங்கிக் கிடந்தது. கம்பி பிரஷ் போட்டு உப்பையும் கறளையும் சுரண்டிப்போட்டு, ஊடுருவுற ஸ்பிரே அடிச்சு இரவு முழுக்க ஊற விட்டன். அடுத்த நாள் நீளப் பைப் போட்ட பாரோட, கழட்டுற பக்கம் இழுக்காமல் முதல்லை துளி இறுக்கிற பக்கம் அசைச்சன். "டிக்" எண்டு ஒரு சின்னச் சத்தம். அதுக்குப் பிறகு மற்றப் பக்கம் இழுக்க வந்திட்டுது. கறள் பிடிச்ச பிளக்குக்கு இந்த இறுக்கி இளக்கிற வித்தை அருமை.

பேந்து காரை இறக்கி, ஒரு சுத்துச் சுத்தி, பொக்ஸைச் சூடாக்கிக்கொண்டு வந்தன். சூட்டோட விட்டால்தான் அடியிலை படிஞ்சதும் சேர்ந்து வரும். ஆனால் பக்கத்திலை புகைக் குழாயிலை இருக்கிற கற்றலிட்டிக் கொன்வெர்ட்டர் கொதிச்சுக்கொண்டு நிக்கும், நீட்டுக்கை உடுப்பும் கையுறையும் இல்லாமல் உள்ளுக்குப் போகாதேங்கோ.

வடிஞ்ச ஒயில் தேத்தண்ணிக் கறுப்பு. தட்டை வெயிலிலை சரிச்சுப் பார்த்தால் தங்கத் தூள் தூவின மாதிரி மினுங்கிச்சுது. அது சிங்க்ரோவிலை இருந்து வந்த பித்தளைதானே, வயித்தைக் கலக்கினது உண்மை. ட்ரெயின் பிளக்கிலை ஒரு மாக்னெட் இருந்தது, அதிலை சாம்பல் நிறச் சேறு ஒரு தொப்பி மாதிரி. விரலாலை நசிச்சுப் பார்த்தன், மா மாதிரி மெதுவா இருந்தது, பல் உடைஞ்ச துண்டு ஒண்டும் இல்லை. மணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆர் என்ன செய்தது எண்டு வீட்டிலை விசாரணை நடந்தது.

ஊத்துறதுக்கு பொனெட்டைத் திறந்து எஞ்சின் பக்கத்தாலை தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கீழை விட்டு ஃபில் ஓட்டைக்குள்ளை செருகி, மேலை புனல். ஒயில் குளிருக்குத் தேன் மாதிரி நிண்டிட்டுது. போத்திலைச் சுடுதண்ணி வாளிக்குள்ளை வச்சு எடுத்தாப் பிறகுதான் ஓடத் தொடங்கினது. ஃபில் ஓட்டையாலை மெல்லிசாக் கசிஞ்சு வழிய விட்டு, வழியிறது நூலாகி நிண்டாப் பிறகு பிளக்கைப் போட்டன்.

டரட் மெல்பன் சொன்னபடியேதான். சின்ன பூட் சுத்திவரக் கிழிஞ்சு, ஒரு பக்கத்தாலை ரோட்டு வெளிச்சம் தெரிஞ்சது. கிணத்துக்குள்ளை ஒரு மேசைக்கரண்டி அளவு கறுப்புக் களி. நைலான் புஷ் ஒரு பக்கம் வெடிச்சிருந்தது. எல்லாம் புதுசு.

இப்ப நிலைமை: லீவரைச் சுத்தி வந்த வெக்கை இல்லை. ஆட்டம் இல்லை, ஒவ்வொரு கியரும் எங்கை இருக்கெண்டு கைக்குத் தெரியுது. மூண்டாவது, நாலாவது எல்லாம் விரலாலை போடலாம். இரண்டாவது, காலமை முதல் தெருவிலை இன்னும் கொஞ்சம் பிடிக்குது, ஆனால் உரசுறேல்லை. பழைய ஒயிலைச் சிற்றியின்ர ஆபத்தான கழிவு எடுக்கிற டெப்போவிலை குடுத்தாச்சு.

—

ஜூரோங்_லூப்

அந்தத் தங்கத் தூளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பித்தளை வளையம் இருக்கும் எந்தப் பழைய பாக்ஸிலும் அது வரும். காந்தத்தில் ஒட்டும் பொடியும் சகஜம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சில்லு வந்தால்தான் பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது கியர் குளிரில் முரண்டுவது இந்தக் காரின் பிறவிக்குணம், புதிதாக வந்த காலத்திலும் இருந்தது. முதல் கிலோமீட்டரில் அவசரப்படுத்தாமல், ஆர்பிஎம் இறங்கும்வரை ஒரு கணம் நிதானித்துப் போடுங்கள்.

—

கோவை_டர்போ

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தோணுங்க?

—

மெல்பன்_எம்எக்ஸ்

புத்தகத்துல இருக்கறது ஒரு பக்கம். இந்த மாதிரிக் கார் வருஷத்துக்கு எவ்வளவு ஓடிடப் போகுது? ஞாயித்துக்கிழமை வண்டி. நான் முதல் தடவை மாத்தினதும் ஒரு கோடைகாலம் ஓட்டிட்டு மறுபடி மாத்தினேன், உள்ள மிச்சம் இருந்த பழைய கசடு கழுவி வரட்டும்னு. அதுக்கப்புறம் கிளச் வேலை, ஷாஃப்ட் வேலைன்னு அடியில போறப்போ மட்டும்தான்.

—

சென்னை_ஹெரால்டு

நான் கிலோமீட்டர் கணக்கே வச்சுக்கறதில்லை. இங்க ஒழுகறதே பாதி மாத்தின கணக்குதான் சார். மழைக்காலத்துல சுரங்கப்பாதைத் தண்ணியில இறங்கினா மட்டும் உடனே திறந்து பார்த்துடுவேன். பாக்ஸுக்கு மேல மூச்சு விடற ஓட்டை வழியாத் தண்ணி போயிடும். ஆயில் பால் காபி நிறத்துல வந்தா அன்னிக்கே மாத்தணும், நாளைக்குன்னு வைக்கக் கூடாது.

—

ஸ்காபரோ_சிவப்பு

மூண்டாவது போத்திலிலை முக்கால்வாசி மிச்சம் கிடக்கு. டிஃபுக்கு அதையே விடலாமோ? புத்தகம் 0.65 லீற்றர் எண்டுது, அளவு சரியா வருகுது.

—

ஜூரோங்_லூப்

வேண்டாம். அங்கேதான் ஹைப்பாய்ட் இருக்கிறது. டிஃபுக்கு ஜிஎல்-5 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90. ஜிஎல்-4 ஊற்றினால் கிரவுனும் பினியனும் ஒன்றையொன்று அரைத்துவிடும். வி-எல்எஸ்டி, அதாவது ஒரு பக்கச் சில்லு மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் விஸ்கஸ் லிமிட்டட் ஸ்லிப் டிஃப் இருந்தாலும் இதே எண்ணெய்தான், தனிச் சேர்மானம் எதுவும் தேவையில்லை.

—

பிரம்டன்_பச்சை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1994, 1.8. டிஃபுக்கு எனக்கும் 0.65 லீற்றர் தானா?

—

மெல்பன்_எம்எக்ஸ்

இல்லை, 1.8க்குப் பெரிய டிஃப் வந்துடுச்சு. உங்களுக்கு 1 லிட்டர். கியர் பாக்ஸ் அதேதான், ரெண்டு லிட்டர். டிஃபுலயும் ஃபில் பிளக்கை முதல்ல கழட்டுங்க.